துக்ரா பொறித்த துப்பாக்கியும் எம்டன் குண்டும்

சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கு நோக்கி வருவோர், தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி ஆகிய ஊர்களைக் கடந்ததும் மறைமலை நகரைக் காண்பர். ஆற்றங்கரையிலோ பழங்கோட்டையைச் சுற்றியோ தானாக வளர்ந்த ஊர் அன்று இது. 1980ஆம் ஆண்டையொட்டிச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திட்டமிட்டு எழுப்பிய புதுநகர். இங்கு வாழும் பலரின் வயதைவிட ஊரின் வயது குறைவு. எனவே, "பார்க்கத்தக்க பழமை என்ன இருக்கிறது?" என்று வினவும் விருந்தினரிடம் காட்ட எங்களிடம் தொழிற்பேட்டையின் தகரக் கூரைகளைத் தவிர அதிகமில்லை. ஆயினும் பழம்பொருள் ஒன்று மெய்யா பொய்யா என்று தேர்ந்தறிய இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது என்பேன். காரணத்தைக் கூறுகிறேன்.

1999ஆம் ஆண்டு தொடங்கி 2022 வரை ஃபோர்டு நிறுவனத்தின் கார்கள் இவ்வூரில் உருவாயின. அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்த சிறு பட்டறைகள் பல. இரும்பில் எண் பொறிப்பது இங்குள்ள இளைஞர்க்கு அன்றாடப் பணி. பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடித்த எண்ணின் ஓரத்தில் உலோகம் மயிரிழையளவு மேலெழும்பி நிற்கும். கருவியால் செதுக்கிய எண்ணில் அவ்விதம் எழும்பாது. அரத்தால் தேய்த்துவிட்டு மீண்டும் அடித்திருந்தால் அவ்விடம் மட்டும் சற்றுக் குழிந்திருக்கும். விரல் நுனியால் தடவிப் பார்த்தே இதனைச் சொல்லக்கூடியவர்கள் எங்கள் தெருவில் உண்டு. திருட்டு வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கண்டுபிடிக்கும் கலையும், பழைய போர்த் துப்பாக்கியின் உண்மையைக் கண்டுபிடிக்கும் கலையும் அடிப்படையில் ஒன்றுதான்.

(தனித்தமிழுக்காக வாழ்ந்த மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊரில் அமர்ந்து 'பஞ்ச்', 'சேஸிஸ்' என்றெல்லாம் எழுத நேர்கிறதே என்ற கூச்சம் எனக்கு உண்டு. பட்டறையில் வழங்கும் சொல்லை மாற்றினால் பட்டறைக்காரருக்கே புரியாது. அடிகள் பொறுத்தருள்க.)

துப்பாக்கியின் பேச்சு ஏன் வந்தது என்று நீங்கள் வியக்கலாம். சிறுவயதில் என்னிடம் ஓதி, இப்போது இங்கே கடைசல் பட்டறையொன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், தமது கைப்பேசிக்கு வந்த சில படங்களை என்னிடம் காட்டினார். பழைய ரைஃபிள் ஒன்றின் படங்கள் அவை. "ஜெர்மானியத் துப்பாக்கி, 1914இல் எம்டன் கப்பலிலிருந்து சென்னையில் இறங்கியது, ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறது, வாங்கிவைத்தால் பத்து மடங்கு விலை போகும், முன்பணம் அனுப்புக" என்பது விற்பவரின் செய்தி. இளைஞர் மதரஸா ஆசிரியனைத் தேடி வந்ததற்குக் காரணம், அந்த இரும்பின் மீது அரபு எழுத்துகள் காணப்பட்டதே!

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குண்டு உட்புகும் இடத்திற்கு மேலுள்ள வளையத்தில் கொடிபோல் பின்னிய ஒரு முத்திரை இருந்தது. உஸ்மானிய சுல்தான்களின் கையொப்ப முத்திரையாகிய துக்ரா அது. பக்கவாட்டில் ஒரு வரி. அரபு எழுத்தாயினும் மொழி அரபு அன்று. 'மவுசர்' என்ற பெயரும் 'ஓபர்ன்டோர்ஃப்' என்ற ஊர்ப்பெயரும் அவ்வெழுத்தில் வடிக்கப்பட்டிருந்தன. அருகில் 1321 என்ற ஆண்டு.

இவை ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஜெர்மனியின் நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபர்ன்டோர்ஃபில் இருந்த மவுசர் தொழிற்சாலை, 1890, 1893, 1903 ஆகிய மாதிரிகளில் உஸ்மானிய அரசுக்காகப் பெருந்தொகையாக ரைஃபிள்களைச் செய்து அனுப்பியது. இரண்டாம் அப்துல் ஹமீது ஆட்சியில் இருந்த காலம் (1876-1909) அது. ஆண்டைக் கணிப்பதில் மட்டும் கவனம் தேவை. 1321ஐ ஹிஜ்ரி ஆண்டாகக் கொண்டால் 1903-04 ஆகும். ஆனால் உஸ்மானிய அரசு அலுவல்களுக்கு 'ரூமி' எனப்படும் சூரிய ஆண்டுக் கணக்கும் வழங்கிற்று. அதன்படி கொண்டால் 1905-06. எந்தக் கணக்கு என்றறியாமல் தேதி சொல்பவர் இரண்டாண்டு தவறுவார்.

"அப்படியானால் உண்மையான துப்பாக்கிதானே உஸ்தாத்?" என்று இளைஞரின் முகம் மலர்ந்தது. எழுத்தைப் படித்துவிட்டதாலேயே பொருள் உண்மையாகிவிடாது என்பதை அவருக்கு விளக்க அரைநாள் பிடித்தது. உங்களுக்கும் அதையே விளக்க முற்படுகிறேன். ஏனெனில் இத்தகைய படங்கள் இன்று எவருடைய கைப்பேசிக்கும் வரலாம்.

பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேல் என்றோர் ஊர் உண்டு. அப்ரீதி பட்டாணியர் வாழும் மலைப்பகுதி. நூறாண்டுகளுக்கும் மேலாக அங்குள்ள கைவினைஞர்கள் அரமும் சுத்தியலும் கைத்துளைப்பானும் கொண்டு ஐரோப்பியத் துப்பாக்கிகளைப் பார்த்துப் பார்த்தே செய்து வருகின்றனர். அவர்தம் கைத்திறனை எத்துணை வியந்தாலும் தகும். ஆனால் அவர்களுக்கு ஆங்கில எழுத்து, எழுத்தாக அன்றி ஓவியமாகவே தெரிந்தது. ஆகவே 'என்' என்னும் எழுத்தைத் திருப்பிப் போட்டிருப்பர். நிறுவனத்தின் பெயரில் ஓரெழுத்தை விழுங்கியிருப்பர். விக்டோரியா அரசியின் முடியும் பெயரெழுத்தும் பொறித்து, கீழே அவர் இறந்த 1901க்குப் பிற்பட்ட ஓர் ஆண்டையும் பொறித்த துப்பாக்கிகள்கூட உண்டு! சேகரிப்போர் 'கைபர் கணவாய்ப் படி' என்று அழைக்கும் இவற்றைப் பெரும்பாலும் இத்தகைய பிழைகளே காட்டிக்கொடுக்கின்றன.

இங்கேதான் ஒரு நுட்பம். அந்த மலைப்பகுதியில் வழங்கும் பஷ்தூவும் உருதுவும் அரபு எழுத்தைத் தழுவியே எழுதப்படுகின்றன. ஆங்கிலத்தில் தவறிய கை, உஸ்மானிய வரியை வடிக்கும்போது தவறாமற் போகலாம். எனவே என் போன்றவன் "எழுத்துப் பிழையில்லை" என்று கூறும் சான்றுக்கு இவ்விடத்தில் மதிப்பு குறைவு. மார்க்கக் கல்வி கற்றவன் எழுத்தைப் படிக்கலாம். இரும்பைப் படிக்க இரும்பு வேலைக்காரனே வேண்டும்.

இரும்பை எவ்வாறு படிப்பது? இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை ஏந்திய மவுசரை எடுத்துக்கொள்வோம். '98கே' என்று பெயர். 1935இல் ஏற்கப்பட்டு, 1945 வரை ஒரு கோடிக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. நீளம் 111 செ.மீ.; குழலின் உள்விட்டம் 7.92 மி.மீ. உலகெங்கும் சேகரிப்போர் மிகுதியாகத் தேடுவதும், போலி மிகுதியாக உலவுவதும் இதில்தான். இதனைச் செய்த தொழிற்சாலைகளின் பெயரைப் பகைவர் அறியலாகாது என்று ஜெர்மன் அரசு மறைகுறிகளை வழங்கியிருந்தது. ஓபர்ன்டோர்ஃப் மவுசருக்கு முதலில் 'எஸ்/42', பின்னர் '42', 1941 முதல் 'பிஒய்எஃப்' என்ற மூன்றெழுத்து. ஆஸ்திரியாவின் ஸ்டையருக்கு 'பிஎன்இஸட்'. கைப்பற்றப்பட்ட செக் நாட்டின் பிர்னோ ஆலைக்கு 'டிஓடி'. குறியும் அதன் கீழுள்ள ஆண்டும் ஒத்துவர வேண்டும். 'பிஒய்எஃப்' என்று பொறித்து 1938 என்றும் பொறித்திருந்தால், அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்தது வரிசை எண். ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஆலையும் 1இலிருந்து தொடங்கும், 9999ஐ எட்டியதும் 'ஏ' என்ற எழுத்தைச் சேர்த்து மீண்டும் 1, பின்னர் 'பி'. ஆகவே ஒரே எண் பல துப்பாக்கிகளில் வரக்கூடும். ஆலை, ஆண்டு, எண், எழுத்து ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் அடையாளம் முழுமையாகும். இவ்வெண் குழலில் மட்டுமின்றி போல்ட்டிலும், விசைக் காப்பிலும், குறிகாட்டியிலும், மரக்கட்டையிலும்கூட முழுமையாகவோ கடைசி இரண்டு இலக்கமாகவோ பொறிக்கப்பட்டிருக்கும். எல்லாம் ஒத்திருந்தால் விலை பன்மடங்கு உயரும். உயர்வதனால்தான் பொய்யர்கள் ஒவ்வாத போல்ட்டைத் தேய்த்து, ஒத்த எண்ணை அடித்துவிடுகின்றனர். எங்கள் பட்டறை இளைஞரின் விரல் நுனி பயன்படும் இடம் இதுவே. ஆலையில் முதலில் எண்ணை அடித்து, பிறகு இரும்புக்கு நீலம் ஏற்றியிருந்தால் எண்ணின் குழிக்குள்ளும் நீலம் இருக்கும். குழிக்குள் வெள்ளி போல் இரும்பு மின்னினால் அது அண்மையில் அடித்தது. ஆய்வாளர் ஏற்றதற்கு அடையாளமான கழுகு முத்திரையும் எண்ணும் சிறு பாகங்களிலும் இருக்க வேண்டும். மரக்கட்டையில் அம்முத்திரை மங்கி, ஓரங்கள் உருண்டிருந்தால் எவரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார் என்று பொருள்.

இதற்குள் இன்னொரு வகை உண்டு. அதைப் போலி என்று ஒதுக்குவது நியாயமன்று. போரில் சோவியத் படையினர் கைப்பற்றிய லட்சக்கணக்கான 98கே ரைஃபிள்கள் பின்னர் பிரித்துப் பழுதுபார்க்கப்பட்டன. ஒன்றின் போல்ட் இன்னொன்றில் ஏறியது. மின் ஊசியால் புதிய எண் கிறுக்கப்பட்டது. பக்கத்தில் பெருக்கற்குறி போல் ஓர் அடையாளம் விழுந்தது. யூகோஸ்லாவியர் கழுகைச் சுரண்டிவிட்டுத் தங்கள் சின்னத்தைப் பொறித்தனர். நார்வேயினரும் இஸ்ரேலியரும் குழலையே மாற்றி வேறு தோட்டாவுக்கு ஏற்பச் செய்துகொண்டனர். துருக்கியரும் இதற்கு விலக்கல்லர். 7.65 மி.மீ. தோட்டாவுக்கெனச் செய்யப்பட்ட உஸ்மானிய மவுசர்களைக் குடியரசுக் காலத்தில் அங்காராவில் 7.92க்கு மாற்றியமைத்தனர். 1928இல் எழுத்துச் சீர்திருத்தம் நிகழ்ந்துவிட்டபடியால் புதிய பொறிப்பு லத்தீன் எழுத்தில் அமைந்தது. இவையெல்லாம் மெய்யான பொருள்களே; மூன்று அரசுகளுக்கு உழைத்த பொருள்கள். "போரில் இருந்தபடியே, கைபடாதது" என்று சொல்லி விற்கும்போதுதான் பொய் நுழைகிறது.

நம் நாட்டுப் பழைய ஜமீன் வீடுகளில் ஜெர்மன் மவுசர் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் அவசரப்பட்டு வியக்காதீர்கள். போருக்கு முன் வேட்டைக்கென்றே செய்து விற்ற மவுசர்கள் ஏராளம். அவற்றில் படையின் முத்திரை இராது. முடியும் அதன்கீழ் ஓர் எழுத்துமாகப் பொதுச் சோதனைச் சாலையின் முத்திரையே இருக்கும். புலி வேட்டைக்கு வாங்கிய துப்பாக்கியைப் போர்த் துப்பாக்கியாக்கியது பேரப்பிள்ளைகளின் கற்பனை.

இனி எம்டன் கதைக்கு வருவோம். படத்தில் இருந்த இரும்பு மெய்யாகவே இருக்கட்டும். அது எம்டனிலிருந்து இறங்கியது என்பது மெய்யா? இதற்கு விரல் நுனி போதாது. மறைமலை நகர் நிலையத்தில் மின்ரயில் ஏறிக் கடற்கரைப் பக்கம் போக வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம்.

காட்டாங்கொளத்தூர், பொத்தேரி என்று ஒவ்வொரு நிலையமாக மாணவர் கூட்டம் ஏறும். தாம்பரம் வந்தால் நிற்க இடமிராது. அடிகளார் வாழ்ந்து மறைந்த பல்லாவரமும், படை அதிகாரிகளைப் பயிற்றும் பரங்கிமலையும் கடந்து கிண்டி வரும். கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் செண்பகராமன் பிள்ளைக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். எம்டன் கப்பலில் இருந்துகொண்டு சென்னை மீது குண்டு வீசச் செய்தவர் அவரே என்று தமிழ்நாட்டில் பலர் நம்புகின்றனர். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே சொல்லித் தருகின்றனர். திருவனந்தபுரத்தில் 1891இல் பிறந்து, ஐரோப்பாவில் இருந்தபடி இந்திய விடுதலைக்காக உழைத்து, 1934இல் பெர்லினில் மறைந்த அப்பெருமகனின் தொண்டில் ஐயமில்லை. ஆனால் 1914இல் அவர் சூரிச் நகரில் இந்திய ஆதரவுக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார்; அக்டோபர் மாதம் பெர்லினுக்குச் சென்றார். எம்டனோ சீனத்துத் துறைமுகமான சிங்தாவிலிருந்து ஆகஸ்டு முதல் வாரத்தில் புறப்பட்டு, பசிபிக் வழியாக வங்கக் கடலுக்கு வந்தது. சூரிச்சில் இருந்தவர் எந்தக் கடலில் ஏறியிருக்க முடியும்? மெய்யான மனிதர், மெய்யான கப்பல். இரண்டையும் பிணைக்கும் கயிறு மட்டும் இல்லை. துப்பாக்கி விற்பவரின் கதையும் இதே வார்ப்பில் அமைந்ததுதான்.

கோட்டை நிலையத்தில் இறங்கிப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் சென்றால், தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வணிகர்கள் கூடிப் பேரம் பேசக் கட்டிய மாளிகை அது. 1948 முதல் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை. மதரஸாக்களுக்கும் அன்றே விடுமுறை என்பதால் என் போன்றோர் வேறொரு நாளில் விடுப்புக் கேட்டே போக வேண்டியிருக்கிறது! வாளும் ஈட்டியும் பீரங்கியும் நாணயமும் நிறைந்த அங்கே, எம்டன் வீசிய குண்டின் சிதறல் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. நூற்றாண்டுக்கு முன் சென்னையை நடுங்க வைத்தது இதுதானா என்று கேட்கத் தோன்றும் அளவுக்குச் சாதுவான இரும்பு.

1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணியளவு. கார்ல் ஃபொன் முல்லர் தலைமையில் எம்டன் கரைக்கு மூன்று கிலோமீட்டர் அளவில் நெருங்கி, விளக்கைப் பாய்ச்சி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை நோக்கிச் சுட்டது. அரைமணிப் பொழுதில் ஏறத்தாழ 130 குண்டுகள். தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் வணிகக் கப்பலில் இருந்தோரில் ஐவர் உயிரிழந்தனர். கரையிலிருந்து சுட்ட பீரங்கிகள் எம்டனைத் தொடவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கப்பல் இருளில் மறைந்தது. மறுநாள் முதல் சென்னைவாசிகள் மூட்டை முடிச்சுகளுடன் ரயில் நிலையங்களை நிறைத்தனர். அப்பீதி தணிந்த பின்னும் ஒரு சொல் மிஞ்சிற்று. எமகாதகனான ஆளைத் தமிழர் இன்றும் 'எம்டன்' என்கின்றனர். ஜெர்மன் இரும்பு எதைக் கண்டாலும் அந்தப் பெயரை ஒட்டிவிடும் ஆசை எங்கிருந்து வருகிறதென்று புரிகிறதல்லவா?

இந்நிகழ்ச்சியில் ஒன்றைக் கவனியுங்கள். எம்டனிலிருந்து ஒருவரும் சென்னை மண்ணில் கால் வைக்கவில்லை. படகு இறக்கப்படவில்லை. கரைக்கு வந்தவை பீரங்கிக் குண்டுகள் மட்டுமே. ஆகவே "எம்டனில் வந்த குண்டுச் சில்லு" என்று ஒருவர் சொன்னால் ஆராயலாம். "எம்டனில் வந்த துப்பாக்கி" என்றால் ஆராயவே தேவையில்லை. அதிலும் அன்று, செப்டம்பர் 22இல், உஸ்மானிய அரசு போரிலேயே இறங்கவில்லை. அக்டோபர் இறுதியில்தான் இறங்கியது. சுல்தானின் துக்ரா பொறித்த ரைஃபிளை ஜெர்மன் மாலுமி ஏன் ஏந்த வேண்டும்? அத்தகைய துப்பாக்கி நம் நாட்டுக்கு வந்திருக்கக்கூடிய வழி வேறு. 1914 நவம்பரில் பஸராவில் நுழைந்த இந்தியப் படை 1918 வரை இராக்கில் துருக்கியருடன் பொருதியது. அங்கே கைப்பற்றப்பட்ட மவுசர்கள் பல. அக்கதையில் கவர்ச்சி குறைவு. நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதே போல் "நேதாஜியின் ஜெர்மன் படையிலிருந்து தாத்தா கொண்டுவந்தது" என்றும் ஒரு கதை சொல்லக்கூடும். வட ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட இந்திய வீரர்களைக் கொண்டு ஜெர்மனியில் அமைந்த அந்தப் படையினர் 98கே ரைஃபிளை ஏந்தியது உண்மை. ஐதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன் அப்படையை அமைக்க உதவி, 1943இல் நேதாஜியுடன் நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே வந்தார் என்பதும் உண்மை. ஆனால் 1945இல் அவ்வீரர்கள் நேசநாடுகளிடம் சிறைப்பட்டு, கைதிகளாகவே தாயகம் கொண்டுவரப்பட்டனர். கைதியின் தோளில் துப்பாக்கி ஏது?

குண்டுச் சில்லு என்று கூறினாரே, அதை மட்டும் எப்படி ஆராய்வது? அருங்காட்சியகத்தில் தொட்டு அளக்க முடியாது. ஆயினும் முறையைச் சொல்லலாம். கணக்கு வாத்தியார்களும் கடைசல் பட்டறைக்காரர்களும் மகிழ்வர். எம்டனின் பத்துப் பீரங்கிகளும் 10.5 செ.மீ. வாயுடையவை. அன்றைய பிரிட்டிஷ் பீரங்கிகளோ அங்குலக் கணக்கு: 4 அங்குலம் (101.6 மி.மீ.), 4.7 அங்குலம் (120 மி.மீ.). சில்லின் வெளிவளைவில் 60 மி.மீ. இடைவெளியில் இரு புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைக்கும் நேர்கோட்டிலிருந்து நடுவில் வளைவு எவ்வளவு எழும்புகிறது என்று வெர்னியரால் அளக்க வேண்டும். 120 மி.மீ. குண்டானால் 8 மி.மீ. எழும்பும், 105 ஆனால் 9.4, நான்கு அங்குலமானால் 9.8. முதலாவதை எளிதாக விலக்கிவிடலாம். பின்னிரண்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர்கூட இல்லை. நூறாண்டுத் துரு அதை விழுங்கிவிடும். வெடிப்பில் இரும்பு நெளிந்தும் இருக்கும். அப்போது குண்டின் இடுப்பிலுள்ள செப்பு வளையம் கைகொடுக்கும். பீரங்கிக் குழலுக்குள் சுருளாக ஓடும் வரிகள், குண்டு பாயும்போது அச்செப்பில் சாய்வான பள்ளங்களாகப் பதிந்துவிடுகின்றன. பள்ளம் இருந்தால் அது சுடப்பட்ட குண்டு. இல்லையேல் கிடங்கிலேயே கிடந்தது. பள்ளங்களின் எண்ணிக்கையையும் சாய்வையும் எம்டனின் பீரங்கியோடு ஒப்பிடலாம். அப்பீரங்கிகளில் ஒன்று ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரின் ஹைட் பார்க்கில் இன்றும் நிற்கிறது.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். முழுக் குண்டு எதையும் எவரும் கையால் தொடலாகாது. காயலான் கடையில் கிடந்தாலும், வீட்டு மனை தோண்டும்போது கிடைத்தாலும் விலகி நின்று காவல் நிலையத்திற்குச் சொல்லுங்கள். வெடிக்காத குண்டு பழையதாகிவிட்டதால் பாதுகாப்பானதாக ஆகிவிடாது. உள்ளிருக்கும் மருந்து ஈரத்தாலும் துருவாலும் மேலும் நிலைகுலைந்திருக்கலாம். செப்பு வளையத்தின் ஆசையில் வாளால் அறுக்க முனைவது உயிரோடு விளையாடுவதாகும். (காயலான் கடை என்ற பெயரே பழைய இரும்பு வணிகத்தில் சிறந்து விளங்கிய காயல்பட்டினத்தாரால் வந்ததென்பர்.)

துப்பாக்கியைப் பற்றிய சட்டமும் தெளிவானது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றி வைத்திருப்பதும் வாங்குவதும் விற்பதும் குற்றம். பழமையான ஆயுதங்களுக்குச் சலுகை உண்டு என்று விற்பவர்கள் கூறுவர். அச்சலுகை, பழுது நீக்கினாலும் சுட இயலாத நிலையில் உள்ளவற்றுக்கே உரியது. மவுசரின் அமைப்போ நூறாண்டு கழிந்தும் சுடவல்லது. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அழிப்பதையும் மாற்றுவதையும் போலியாகப் பொறிப்பதையும் தடை செய்கிறது. ஆகவே எண் ஒத்துவராத துப்பாக்கியை வாங்குபவர் ஏமாளி மட்டுமல்லர், வழக்கிலும் சிக்கிக்கொள்வார். நூறாண்டு கடந்த பொருள்களுக்குத் தொல்பொருள் சட்டம் (1972) வேறு இருக்கிறது. உரிமமின்றி அவற்றில் வணிகம் செய்யவும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் இயலாது. எம்டனின் குண்டுச் சில்லுகள் 2014இலேயே அந்த வயதை எட்டிவிட்டன.

எங்கள் இளைஞர் முன்பணம் அனுப்பவில்லை. போல்ட்டிலும் குறிகாட்டியிலும் உள்ள எண்களைப் படம் எடுத்து அனுப்புமாறும், உரிமத்தின் படியைக் காட்டுமாறும் கேட்டுச் செய்தி விடுத்தார். மறுமொழி இல்லை. சில நாள்களில் அந்த எண்ணும் அடங்கிவிட்டது. படத்திலிருந்த ரைஃபிள் உலகின் எந்த மூலையில், எவருடைய சுவரில் தொங்குகிறதோ! மெய்யான துப்பாக்கியின் படத்தைக் காட்டிப் பணம் பறிப்பதற்குத் துப்பாக்கியே தேவையில்லை.

கோட்டையிலிருந்து வெளியேறி வடக்கே சற்று நடந்தால் உயர்நீதிமன்ற வளாகம். அதன் கீழ்ப்புறச் சுவரில், எம்டன் குண்டு விழுந்ததை நினைவூட்டும் கல்லொன்று பதித்திருக்கிறது. பேருந்துக்கு ஓடும் கூட்டத்தில் அதை நின்று படிப்போர் சிலரே.

எம்டனின் துப்பாக்கிகள் உண்மையில் எங்கேதான் போயின என்று கேட்பீர்கள். அதற்கும் விடையுண்டு. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் தந்தி நிலையத்தை அழிக்க ஹெல்முட் ஃபொன் மூக்கே என்ற அதிகாரியின் தலைமையில் ஏறத்தாழ ஐம்பது பேர் ரைஃபிள்களுடனும் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளுடனும் கரையிறங்கினர். அவர்கள் தீவில் இருக்கையிலேயே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி வந்து எம்டனைச் சிதைத்துவிட்டது. கரையில் தனித்து நின்றவர்கள், அங்கிருந்த பழைய பாய்மரக் கப்பலொன்றைக் கைப்பற்றிச் சுமத்ரா நோக்கிச் சென்றனர். அக்கப்பலின் பெயர் ஆயிஷா! பின்னர் வேறொரு கப்பலில் ஏறி 1915 ஜனவரியில் யமன் நாட்டு ஹுதைதாவில் இறங்கினர். அங்கிருந்து படகிலும் ஒட்டகத்திலுமாக வடக்கே சென்றபோது, ஜித்தாவுக்கு அருகே பதவீ அரபிகள் அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். எம்டனின் ரைஃபிள்கள் பல நாள் சுட்டது அந்தப் பாலைவனத்தில்தான். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. மே மாதம் அல்-உலாவை அடைந்து, ஹிஜாஸ் ரயிலில் ஏறி, எஞ்சியவர்கள் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தனர்.